நுவோலாவுக்கு வைத்த பொங்கல்

உ
சிவமயம்

பகேரியா, பலெர்மோ
6.2.1994

அன்புள்ள மகள் சறோஜாவுக்கு அப்பா எழுதுவது.

இங்கு நானும் அம்மாவும் இருமலைத் தவிர வேறு பெரிய குறை இல்லாமல் இருக்கிறோம். அங்கு நீயும் மருமகனும், இன்னும் முகம் காட்டாத அந்தச் சிறிய ஆளும் எங்களைவிடக் கூடிய சுகத்தோடு இருக்க நல்லூரானை வேண்டுகிறேன். உங்கள் ஹமர்பெஸ்ற்றில் சூரியன் மறுபடி தலைகாட்டிவிட்டது என்று நீ சொன்னதைக் கேட்டு அம்மா சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்று கும்பிட்டாள். போன ஞாயிறு ரெலிபோனில் நீ, "ரெண்டு பேரும் எப்ப வாறியள் எண்டு ஒரு திகதி சொல்லுங்கோவன் அப்பா, ஏன் இழுத்திழுத்துக் கதைக்கிறியள்?" என்று கேட்டாய். ரெலிபோன் காட் முடியப்போகிறது என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். காட் முடியவில்லை. சொல்ல வேண்டியதை ரெலிபோன் பெட்டிக்குள் நின்றுகொண்டு சொல்ல எனக்கு வராது என்பது உனக்குத் தெரியும். எழுதினால் ஓரளவு வரும். முடிவை முதலில் எழுதினால் காரணத்தை நீ கோபத்தோடு வாசிப்பாய், ஆகவே நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாக வாசி.

மருமகனும் இதை வாசிப்பார் என்பதால் அவருக்கு விளங்கும்படி எங்கள் சீவியத்தையும் சேர்த்து எழுதுகிறேன். முன்பு எழுதியவற்றில் பாதி உங்களுக்கு வந்து சேரவில்லை, தபாற் கந்தோரிலேயே தலை நரைத்தவன் சொல்கிறேன், இத்தாலித் தபாலை நம்ப வேண்டாம். நாங்கள் இருப்பது பகேரியாவில் ஒரு பழைய மாளிகையின் பின்புறம், முன்பு எலுமிச்சம்பழம் பெட்டியில் அடுக்கிய ஓர் அறையில். அம்மாவுக்கு வீட்டுக்குள் சமையலும் துப்புரவும். எனக்குக் குதிரை லாயம். மாளிகைச் சொந்தக்காரி சிஞ்ஞோராவிடம் நான்கு குதிரைகள் நிற்கின்றன. சனிக்கிழமைகளில் பலெர்மோ நகரத்துப் பொலிதேயாமாப் பக்கத்து டொக்டர்மாரினதும் அப்புக்காத்துமாரினதும் பிள்ளைகள் சவாரி பழக வருவார்கள். தபாலதிபராக இருந்தவனுக்குக் குதிரை என்றால் முத்திரையில் பார்த்ததுதான். வந்த புதிதில் வாளியை உள்ளே தள்ளிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வேன். இங்குள்ளவர்களுக்கு என் முழுப்பெயர் வாயில் நுழையாதபடியால் ராஜா என்றே கூப்பிடுவார்கள், அதற்கு அம்மா ஒவ்வொரு காலையும், "ராஜா லத்தி அள்ள எழுந்தருளுறார், எல்லாரும் வழி விடுங்கோ" என்பாள். உங்கள் நொர்வே விசாவுக்கு எங்கள் பெர்மெஸ்ஸோ, அதுதான் இங்கு இருக்கிற அனுமதி, புதுப்பித்திருக்க வேண்டும், பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க சிஞ்ஞோரா வேலைக் கடிதம் தர வேண்டும். தருவதாகத் தைமாதம் பிறக்கும்போதே சொல்லியிருந்தாள். உன் பிள்ளைப்பேற்றுக்கு நாங்கள் வருவதும் வராததும் அந்த ஒரு கடிதத்தில் நின்றது என்பதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

பனிக்குள் இருக்கிற உனக்கு எங்கள் குளிர் பகிடியாக இருக்கும். ஆனால் குதிரைக்கு வெறும் குளிர் ஒன்றும் செய்யாதாம், ஈரந்தான் கெடுதியாம். கார்த்திகைக்குப் பிறகு இங்கு மழையும் சேறும்தான். காலையில் முதல் வேலை குளம்பு ஒவ்வொன்றாகத் தூக்கி அடியில் அடைந்த சேற்றைக் கிளறி எடுப்பது, விட்டால் அழுகி மணக்கும். பிறகு இராப்போர்வையைக் கழற்றி உதறி வெயில் இருந்தால் வெயிலில், இல்லாவிட்டால் அடுப்படிச் சுவரில் போட வேண்டும். அம்மா இதற்குச் சண்டை பிடிப்பாள், "சமைக்கிற இடத்தில குதிரையின்ரை சட்டையோ?" என்று. சவாரி போய் வந்த குதிரை வேர்த்திருந்தால் உடனே போர்த்தக் கூடாது. மூச்சு ஆறும்வரை கையில் பிடித்து நடத்தி, வைக்கோலால் முதுகைத் தேய்த்துக் காயவைத்த பிறகுதான் போர்வை. நனைந்த பிள்ளையைக் கண்டவுடன் துவாயால் மூடுகிற எங்களுக்கு இது பழக எவ்வளவோ காலம் எடுத்தது. குளிர் நாளில் வயதான குதிரை தண்ணீர் குறைத்துக் குடிக்கும், குடிக்காவிட்டால் குடல் இறுகும், ஆகவே கேத்தலில் சுடவைத்துக் கலந்து வெதுவெதுப்பாகக் கொடுப்பேன். இதையெல்லாம் நான் ஒழுங்காகச் செய்கிறேனா என்று இன்றைக்கும் சந்தேகம்தான். படுக்கையில் கிடந்து, போர்வை வார் பூட்டினேனா என்று யோசித்து எழும்பிப் போய்ப் பார்த்துவிட்டு வருவேன். பூட்டித்தான் இருக்கும்.

நான்கு குதிரைகளில் மூத்தது நுவோலா என்ற வெள்ளைப் பெட்டைக் குதிரை. நுவோலா என்றால் முகில். பல் தேய்ந்துவிட்டதால் ஊறவைத்த தவிடும் பொடியாக வெட்டிய புல்லும்தான் அதற்குச் சாப்பாடு. மார்கழியில் சிஞ்ஞோரா, இந்தக் கிழவியில் பாரமில்லாத ஆள் யாராவது தினமும் கொஞ்சம் ஏறி நடத்தினால் மூட்டு இறுகாது என்று சொல்லி என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் யாரும் நிற்கிறார்களோ என்று நான் திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அறுபத்துநாலு வயதில் ஒரு பெட்டியில் ஏறி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, சேணத்தில் உட்கார்ந்தேன். முதல் சில நாட்கள் கடிவாளத்தை விட்டுவிட்டுப் பிடரி மயிரைத்தான் பிடித்திருந்தேன். அது எலுமிச்சைத் தோட்டத்தின் மதிலைச் சுற்றித் தானாகவே நடந்து திரும்பக் கொண்டுவந்து விடும். அம்மா குசினி யன்னலால் பார்த்துவிட்டு, "வேட்டைத் திருவிழாவுக்குச் சாமி வெளிக்கிட்டுட்டார், ஆரும் தேங்காய் உடையுங்கோ" என்று கத்தினாள். அதன் பிறகு நான் சாப்பிடப் பிந்தினால், "என்ரை சக்களத்தி சாப்பிட்டுட்டாளோ? அவ சாப்பிட்டால்தானே உங்களுக்கு இறங்கும்" என்பாள். அப்படிச் சொல்லிக்கொண்டே கரட் தோல் சீவியதைத் தனியாக ஒரு கோப்பையில் போட்டு வைத்திருப்பாள். மகள், அந்த உயரத்தில் இருந்து பார்க்கும்போது கடல் தெரியும். கீழே நின்றால் தெரியாது. இதை உன் அம்மாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

இனிப் பொங்கல் விஷயம். இந்த முறை எமிலியானுஸ் குடும்பத்தையும் இன்னும் சிலரையும் வரச்சொல்லியிருந்தோம். எமிலியானுஸ் மன்னார் ஆள், பிரான்காச்சோவில் மரப்பட்டறையில் வேலை, வேதக்காரர் என்றாலும் எங்கள் பொங்கலுக்கு வராமல் விடமாட்டார். தைப்பொங்கல் அன்று எல்லாருக்கும் வேலை என்பதால் அடுத்த நாள் சனிக்கிழமை பட்டிப்பொங்கலை வைத்து அம்மா பெரிய பானையில் பொங்கினாள். லண்டனில் இருந்து வந்த சர்க்கரை, பயறு, முந்திரிகை வத்தல், கஜு, நெய் ஒன்றும் குறையவில்லை. அன்றைக்கென்று ரயில் வேலைநிறுத்தம். மழையும் பிடித்துக்கொண்டது. ஒருவரும் வரவில்லை. இங்கு பட்டியும் இல்லை மாடும் இல்லை என்பதால் நாங்கள் வந்த வருடத்தில் இருந்து நுவோலாவுக்குத்தான் நெற்றியில் குங்குமம் வைத்து, ஒரு பிடி பொங்கலைக் கையில் கொடுத்து, வாயில்லாச் சீவனிடம் வேலை வாங்குகிற பாவத்துக்கு மன்னிப்புக் கேட்பாள் அம்மா. ஒரு பிடி, அவ்வளவுதான். இந்த முறை பானை நிறைய மிஞ்சிவிட்டது. பொங்கலைக் கொட்டலாமா? ஊரிலே மிஞ்சியது எங்கே போகும், மாட்டுக்குத்தானே போகும், அதற்கு யோசிக்கத் தேவையில்லை, கை தானாகப் போகும். அம்மா வந்து லாய வாசலில் நின்று, "இஞ்சருங்கோ, மிச்சத்தை என்ன செய்யிறது?" என்று கேட்டாள். சவாரிக்கு வந்து மழை விடும்வரை காத்திருந்த ஒரு பிள்ளைக்காக நான் சேணத்தின் வாரை இழுத்துக்கொண்டு நின்றேன். தலை நிமிராமல், "உமக்குத் தெரிஞ்சபடி செய்யும்" என்றேன். இது நான் வழமையாகச் சொல்கிற பதில். அம்மா பானையோடு போய் நுவோலாவின் தொட்டியில் முழுவதையும் வழித்துப் போட்டுவிட்டாள். அது நன்றாகச் சாப்பிட்டதாம், தொட்டியை நக்கியதாம், சந்தோஷமாக வந்து சொன்னாள். அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை.

மழை விட்ட பின்னேரம் நான் தண்ணீர் கொண்டுபோனபோது அது முன்காலால் நிலத்தைக் கிண்டிக்கொண்டு தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. பிறகு மடிந்து விழுந்து உருண்டது. சிஞ்ஞோரா ஓடிவந்து மிருக வைத்தியரைக் கூப்பிட்டாள், அவர் அருகில் ஒரு தோட்டத்தில் நின்றதால் இருட்ட முன்னர் வந்துவிட்டார். காதை வயிற்றில் வைத்துக் கேட்டுவிட்டு, இன்று வழமைக்கு மாறாக என்ன சாப்பிட்டது என்று கேட்டார். சிஞ்ஞோரா என்னைப் பார்த்தாள். சறோஜா, எனக்குப் பதில் தெரியும். இத்தாலி மொழியில் அதைச் சொல்ல வேண்டிய வசனமும் தலைக்குள் முழுதாக இருந்தது. ஆனால் அதோடு வேலைக் கடிதமும் பெர்மெஸ்ஸோவும் உன் வயிறும் கண் முன்னே வந்துவிட்டன. சொன்னால் எங்களை வெளியே போகச் சொல்வார்கள், சொல்லாவிட்டால் இந்தச் சீவன் போய்விடும், இரண்டையும் நிறுத்துப் பார்த்துக்கொண்டு கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். வைத்தியர் இரண்டாம் முறையும் கேட்டார். அப்போது அம்மா வந்தாள். அவளுக்கு அவர்கள் கேட்ட மொழி விளங்கவில்லை, கேட்டது விளங்கிவிட்டது. அடிப்பிடித்த பானையை அவர் காலடியில் வைத்தாள். பானையைக் காட்டினாள், குதிரையைக் காட்டினாள், தன் நெஞ்சில் கையை வைத்து, "இயோ" என்றாள், நான்தான் என்று. பிறகு இரண்டு கையையும் விரித்து, "தூத்தோ" என்றாள், முழுவதையும் என்று. வைத்தியர் குனிந்து மணந்து பார்த்து, சோறா, சீனியா, வெண்ணெயா என்று கேட்க, நான் அப்போதுதான் வாய் திறந்து ஒவ்வொன்றாகச் சொன்னேன். குதிரைக்கு வாந்தி எடுக்க வராதாம், உள்ளே போனது போனதுதானாம். மூக்கு வழியாகக் குழாய் விட்டுத் தண்ணீர் அடித்துக் கழுவினார், எண்ணெய் விட்டார், ஊசி போட்டார். இன்னும் பிந்திச் சொல்லியிருந்தால் குடல் வெடித்திருக்கும் என்றார். அதை அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

வயிறு தப்பிவிட்டது. ஆனால் திங்கட்கிழமை அது முன்கால் இரண்டையும் நீட்டி, பாரத்தைப் பின்னால் போட்டுக்கொண்டு, சுடுமணலில் நிற்பது போல நின்றது. குளம்பில் கைவைத்தால் அடுப்புக்கல் போலக் கொதித்தது. மாப்பொருளும் இனிப்பும் கூடினால் அந்த நஞ்சு குதிரைக்குக் காலில்தான் இறங்குமாம், குளம்புக்குள்ளே எலும்பைப் பிடித்து நிற்கிற சதை கழன்றுவிடுமாம். எலும்பு இறங்கினதா இல்லையா என்பது இவர்களின் ஈஸ்ரர் வரும்போதுதான் தெரியும் என்றார் வைத்தியர். முதல் கிழமை முழுவதும் குளிர்ந்த தண்ணீரில் அதன் காலை வைத்துப் பிடித்திருந்தேன், என் கை விரல் மூட்டுகள் இன்னும் மடங்கவில்லை, எழுத்து இப்படிக் கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம். எமிலியானுஸ் தன் முதலாளியின் வான் வண்டியில் மரத்தூள் மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார், கால் புதையத் தூள் போட்டால் அதற்கு நோகாது. அவர் அம்மாவைத் தேற்றுகிறேன் என்று, "அக்கா, நீங்கள் ரெண்டு நாள் பொறுத்திருக்கலாம். பதினேழாம் திகதி இஞ்சை அந்தோனியார் திருநாள், குதிரை மாடெல்லாம் கோயிலுக்குக் கொண்டு போவினம். எங்கடை சாமியார் தண்ணி மட்டும்தான் தெளிப்பார், சோறு குடுக்கமாட்டார்" என்றார். அம்மா சிரித்துவிட்டுப் பிறகு மூன்று நாள் அவரோடு கதைக்கவில்லை.

சிஞ்ஞோரா ஒரு கிழமை எங்கள் பக்கம் முகம் திருப்பவில்லை. கோப்பியை அம்மா மேசையில் வைப்பாள், அவள் எடுப்பாள், அவ்வளவுதான். எங்கள் சாமான்களை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்றுகூட நான் யோசித்து வைத்துவிட்டேன். ஒரு காலை அவளே லாயத்துக்கு வந்து வேலைக் கடிதம் இரண்டையும் கையெழுத்துப் போட்டு என் கையில் தந்தாள். "மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது, அதைப் போய் நான் மறிப்பனோ? நான் என்ன மிருகமோ?" என்கிற மாதிரி ஏதோ கோபமாகச் சொன்னாள். நன்றி சொல்ல முந்தி மற்றதையும் சொன்னாள். அவளுடைய அண்ணன் மாத முடிவில் லொறியை வரச்சொல்லியிருக்கிறாராம். கால் இல்லாத குதிரை இறைச்சிதான் என்பது அவர் கணக்கு, இங்கு அதை விற்கக் கடைகள் உண்டு, நீ அறியாதது அல்ல. தன்னால் தினமும் கட்டு மாற்றி மரத்தூள் மாற்றிப் பார்க்க ஏலாது, ராஜாவும் நொர்வேக்குப் போய்விட்டால் யார் பார்ப்பது, ஆகவே அண்ணனுக்கு ஓம் என்று சொல்லிவிட்டேன் என்றாள். சொல்லிவிட்டு நுவோலாவின் முகத்தைப் பாராமல் போனாள். அவள் மகள் சவாரி பழகியது அந்தக் குதிரையில்தான்.

நான் அம்மாவிடம் வந்து கடிதங்களை மட்டும் காட்டலாம் என்றுதான் நினைத்தேன். என் முகத்தைப் பார்த்து மிச்சத்தையும் வாங்கிவிட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு இருந்தாள். பிறகு, "அப்பிடியெண்டால் நான் போகேல்லை" என்றாள். "ஒரு உயிரைக் கொண்டுபோட்டு அந்தக் கையோடை பிள்ளைப்பேறு பாக்கப் போறதோ? அந்தக் கையால பச்சைப்பிள்ளைக்குத் தண்ணி வாக்கிறதோ? அவளுக்கும் பிள்ளைக்கும் ஏதும் எண்டால் நான் ஆரைக் கேக்கிறது?" என்றாள். நான் படித்தவன் என்று நினைத்துக்கொண்டு எவ்வளவோ நியாயம் சொன்னேன், தெரியாமல் செய்தது பாவம் ஆகாது என்றேன், இங்கு லொறிக்குப் போகிற குதிரை எத்தனை என்றேன். "அதெல்லாம் நான் பொங்கல் குடுத்த குதிரையே?" என்று கேட்டாள். மகள், நீ முதல் பிள்ளையைச் சுமந்துகொண்டு மீன் பக்ரறியில் நிற்கிறாய், உன்னிடத்தில் தாய் வந்து நிற்க வேண்டும், அது மட்டும் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. மற்ற எல்லாவற்றிலும் எனக்குச் சந்தேகம். ஆகவே எழும்பி மாளிகைக்குள் போனேன். முன்வாசலால் போனேன், இதுவரை போனதில்லை. சிஞ்ஞோராவும் அண்ணனும் சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். நான் நொர்வேக்குப் போகவில்லை, மனைவி மட்டும் போவாள், ஈஸ்ரர் வரை நான் குதிரையைப் பார்ப்பேன், அதற்குப் பிறகும் நடக்காவிட்டால் நீங்கள் சொல்கிறபடி என்றேன். அண்ணன் சிரித்து, "ராஜா, அதின்ரை காலுக்குப் பதிலாய் உன்ரை காலைக் குடுக்கப் போறியோ" என்ற மாதிரி சொன்னார். சிஞ்ஞோரா அவரைப் பார்த்து, லொறிக்காரனுக்கு வேண்டாம் என்று சொல்லு என்றாள்.

ஆகவே முடிவு இதுதான். அம்மா மட்டும் வருவாள், பங்குனி முதல் கிழமையில். நான் வரவில்லை. பேரப்பிள்ளையை ஒரு குதிரைக்காகப் பார்க்க வராத கிழவன் என்று மருமகன் நினைப்பார், நினைக்கட்டும், நானும் சில நேரம் அப்படித்தான் நினைக்கிறேன். இன்னும் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். நான் தங்குவது குதிரைக்காகவா, அம்மாவின் மனதுக்காகவா, அல்லது அந்தத் தூரத்துக்கும் குளிருக்கும் புது வீட்டில் சும்மா இருப்பதற்கும் பயந்தா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. மூன்றும் இருக்கும். களைப்பாகவும் இருக்கிறது, சறோஜா. ஊரைவிட்டு வந்ததில் இருந்து ஒவ்வொரு கந்தோர் வாசலிலும் நின்று நின்று வந்த களைப்பு, படுத்தால் போகிறதில்லை. லாயத்தில் மட்டும் எனக்கு என்ன செய்வதென்று தெரியும், செய்தது சரியா என்பதுதான் தெரியாது. நேற்று நுவோலா மரத்தூளில் இருந்து தானாக எழும்பி வாளி வரை வந்தது. இன்று எழும்பவில்லை. இதை வைத்து ஒன்றும் சொல்ல ஏலாது என்கிறார் வைத்தியர்.

அம்மா இப்போது எனக்குச் சமையல் பழக்குகிறாள். நான் அவித்த புட்டைப் பார்த்து, "இதையும் குதிரைக்குப் போட்டிடாதேங்கோ" என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். ஞாயிறுகளில் எமிலியானுஸ் வந்து நான் சாப்பிட்டேனா என்று பார்ப்பதாக ஏற்பாடு. மாமா அருளம்பலத்திடம் இருந்து ஒரு கடிதம் வந்தது, ஊரில் இருந்து கிளாலிக் கடலேரியைத் தாண்டி வந்த ஒருவர் கொழும்பில் தபாலில் போட்டிருக்கிறார். வீடு இருக்கிறதாம், மண்ணெண்ணெய் இல்லையாம், ஜாம் போத்தல் விளக்கில் எழுதியதாம், நீ முழுகாமல் இருப்பதைக் கேட்டு நல்லூரில் அருச்சனை செய்தாராம். நீ பக்ரறியில் ஈரச் சப்பாத்தோடு நிற்காதே, பெட்டி தூக்காதே, இரும்புக் குளிசையைப் பாலோடு போடாதே, தோடம்பழத் தண்ணீரோடு போடு. ஐஸ் றோட்டில் மருமகன் கார் ஓடும்போது அவரோடு கதை கொடுக்காதே. அம்மா தனியாகப் பிளேனில் வந்தது இல்லை, ஒஸ்லோவில் மருமகன் உள்ளே வரக்கூடிய இடம் வரைக்கும் வந்து நிற்கட்டும். அவள் குளிருது என்று வாய் திறந்து சொல்லமாட்டாள், கேட்காமல் போர்த்துவிடு. பிள்ளைக்கு முதல் தண்ணி அவள் கையாலேயே வார்க்கச் சொல். தயங்குவாள். நீ பிள்ளையைக் கையில் கொடுத்துவிட்டு அப்பால் போய்விடு.

கடைசியாக ஒன்று, இது அம்மா எழுதச் சொன்னது. நேற்று உடுப்பு மடித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று, "நான் அங்கை இருக்கேக்கை அதுக்கு ஏதும் நடந்தால், பிள்ளையின்ரை முப்பத்தொண்டாம் நாள் துடக்குக் கழியும் வரைக்கும் எனக்குச் சொல்லாதேங்கோ" என்றாள். ரெலிபோனில் நீர் கேட்டால் நான் என்ன சொல்வது, எனக்குப் பொய் வராதே என்றேன். "அதுதானே சொல்லுறன், அப்பிடி ஏதும் எண்டால் நீங்கள் ரெலிபோனே எடுக்காதேங்கோ" என்றாள். நான் எடுக்காவிட்டால் உமக்கு விளங்கிவிடுமே என்றேன். "விளங்கினாலும் விளங்காத மாதிரி இருப்பன். உங்களோடை இவ்வளவு காலம் இருக்கிறன், அது எனக்கு ஏலாதே?" என்றாள்.

நீ நோகாமல் பெற்றெழும்ப, பிள்ளை உரத்த குரலோடு பிறந்து நிறைந்த ஆயுளோடு வளர, மருமகனுக்குத் தேகசுகமும் தொழிலும் நிலைக்க, நல்லூர்க் கந்தன் துணை நிற்பான். இருவருக்கும் எங்கள் ஆசி. மறந்துவிடாதே, பங்குனி தொடங்கி ஞாயிறுகளில் பின்னேரம் நான் ரெலிபோன் எடுப்பேன், அம்மாவை அருகில் வைத்திரு. ஒரு ஞாயிறு எடுக்காவிட்டால், அப்பாவுக்கு லைன் கிடைக்கவில்லையாக்கும் என்று சொல். அவள் ஓம் என்று சொல்லுவாள். நீ அதற்குமேல் ஒன்றும் கேளாதே, பிள்ளையை மட்டும் அவள் மடியில் வை.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா
க. விக்னராஜா